சிவ் 7 வாங்கலாமா? கையில் இருக்கும் பழைய பாகத்தை வைத்தே முடிவெடுக்கும் வழி

கதை சொல்லும் கேம் ஒன்றுக்கு அடுத்த பாகம் வந்தால் முடிவு சுலபம். முந்தையது பிடித்திருந்தது, கதை தொடர்கிறது, வாங்கிவிடலாம். ஸ்ட்ராடஜி கேமில் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே புதுப் பாகம் வருவதே பழையதன் இடத்தைப் பிடிக்கத்தான். அந்தப் பழையதோ பல வருட எக்ஸ்பான்ஷன் (விலைக்கு வரும் பெரிய இணைப்பு), பேட்ச் (திருத்தம்), மோட் (ரசிகர்கள் செய்யும் மாற்றம்) எல்லாம் சேர்ந்து முழு உருவத்துக்கு வந்துவிட்டது, அதற்கு நீங்கள் ஏற்கெனவே காசும் கொடுத்தாயிற்று. அதனால் "இது நல்ல கேமா" என்று மட்டும் கேட்டால் போதாது. "இதை வாங்கினால் பழையதைத் திறக்காமல் இருப்பேனா" என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு விமர்சனங்கள் பதில் சொல்லும். இரண்டாவதற்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு, ஒரு நாகரிகத்தை யுகம் யுகமாக வளர்க்கும் சிவிலைசேஷன் (சுருக்கமாக சிவ்) தொடரை எடுத்துக்கொள்கிறேன். 1991-இல் சிட் மெய்யர் தொடங்கிவைத்தது, ஏழாவது பாகம் 2025 பிப்ரவரியில் வந்தது. ஒவ்வொரு பாகத்திலும் அடிப்படையிலேயே கை வைக்கும் தொடர் இது, அதனால் வாங்கலாமா என்ற குழப்பமும் ஒவ்வொரு முறையும் வரும். யுரோப்பா யுனிவர்சலிஸ், டோட்டல் வார், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போன்ற மற்ற ஸ்ட்ராடஜி தொடர்களை ஆடுகிறவர்களுக்கும் இதே வழி பொருந்தும்.

முதலில் தொடரின் பழக்கத்தைப் பாருங்கள். சிவ் 4 வந்தது 2005-இல், 2007-இல் பியாண்ட் த ஸ்வார்ட் எக்ஸ்பான்ஷன் வரும்போது அதில் மதம், உளவு, கார்ப்பரேஷன் என்று எல்லாமே இருந்தன. 2010-இல் சிவ் 5 வந்தபோது அறுகோணக் கட்டங்கள், ஒரு கட்டத்துக்கு ஒரு படைதான் என்ற விதி என்று போர் முறையே மாறிவிட்டது, ஆனால் மதமும் உளவும் காணாமல் போயின. அவை திரும்பி வந்தது 2012-இல் காட்ஸ் அண்ட் கிங்ஸில். வணிகப் பாதைகளும் உலகப் பேரவையும் 2013-இல் பிரேவ் நியூ வேர்ல்டில்தான் வந்தன. 2010-இல் முழு விலை கொடுத்தவரும் 2013-இல் வாங்கியவரும் ஒரே பெயர் கொண்ட இரண்டு வேறு கேம்களை ஆடினார்கள் என்றே சொல்லலாம். 2016-இல் வந்த சிவ் 6 அந்த விஷயத்தில் பரவாயில்லை, மதம், வணிகம், உளவு மூன்றும் முதல் நாளே இருந்தன. அதிலும் உலகப் பேரவைக்கு 2019 கேதரிங் ஸ்டார்ம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, புதுப் பாகம் முழுமை அடைய இரண்டு, மூன்று வருடம் ஆகும் என்பது இந்தத் தொடரின் வரலாறு. அதற்காக யாரும் முதல் நாள் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் நாளே வாங்குகிறவர் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய பாகத்தை எதற்காக ஆடுகிறீர்கள்?

இதை ஒரு தாளில் எழுதுங்கள். மனதில் நினைத்தால் "டிப்ளமசி பிடிக்கும்", "நாகரிகத்தை வளர்ப்பது பிடிக்கும்" என்று பொதுவாகத்தான் வரும், அது உதவாது. எழுத உட்கார்ந்தால் துல்லியமாக வரும். சிவ் 6 ஆடுகிறவர் என்றால், கேம்பஸை (அறிவியல் வட்டாரம்) மலைகளுக்கு நடுவில் வைத்தால் பக்கத்துக் கட்டங்களால் எவ்வளவு கூடுதல் அறிவியல் கிடைக்கும் என்று நூறு டர்ன் (ஆடும் முறை) முன்பே திட்டம் போடுவதுதான் உங்கள் சந்தோஷமா? ஒரே நாட்டை முதல் குடியேறியிலிருந்து விண்கலம் வரை கொண்டுபோவதா? ராட்சத மேப்பில் ஒரு டஜன் எதிரிகளை வைத்து வாரக்கணக்கில் ஒரே ஆட்டத்தை இழுப்பதா? தம்பியோடு ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி உட்கார்ந்து ஆடுவதா? நகரங்களுக்கு நம் ஊர்ப் பெயர்களை வைப்பதா? எல்லாம் எழுதுங்கள், சின்ன விஷயமென்று எதையும் விடாதீர்கள். ஆட்டத்தில் அலுப்புத் தட்டும் இடங்களையும் பக்கத்தில் எழுதுங்கள், எந்தக் கட்டத்தில் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்பதை முக்கியமாக எழுதுங்கள்.

சிவ் தொடரில் மூன்றில் ஒரு பங்கு விதி என்று ஒன்று உண்டு. புதுப் பாகத்தில் ஒரு பங்கு பழையபடியே இருக்கும், ஒரு பங்கை மேம்படுத்துவார்கள், ஒரு பங்கு முற்றிலும் புதிது. உங்களுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: நீங்கள் எழுதிய பட்டியலில் இருப்பவை எந்தப் பங்கில் விழுகின்றன?

சிவ் 7-இல் அந்தப் புதுப் பங்கு ஆட்டத்தின் நடு மையத்திலேயே இருக்கிறது. ஆட்டம் மூன்று யுகங்களாகப் பிரிந்திருக்கிறது: பழங்காலம், கடல்வழித் தேடல் காலம், நவீன காலம். தலைவர் கடைசி வரை ஒருவர்தான், ஆனால் ஒவ்வொரு யுகத்திலும் நீங்கள் வேறொரு நாகரிகத்துக்கு மாற வேண்டும். பக்கத்து நாட்டு நகரத்தை முற்றுகையிட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மதில் உடைந்துவிட்டது, இன்னும் இரண்டு டர்னில் நகரம் கையில். அதற்குள் யுகம் முடிகிறது. அடுத்த யுகம் திறக்கும்போது அந்தப் போர் இல்லை. தளபதிகளும் அவர்களோடு கொண்டுபோக முடிந்த படைகளும் போக மீதி வீரர்கள் இல்லை. தலைநகரைத் தவிர உங்கள் நகரங்கள் சிற்றூர் நிலைக்கு இறங்கியிருக்கும், காசு கொடுத்துத்தான் மறுபடி நகரமாக்க வேண்டும். வெளியீட்டு நேரத்தில் இப்படித்தான் இருந்தது, பின்னால் இந்த மாற்றத்தைத் தளர்த்தும் அமைப்பு ஒன்றையும் கொடுத்தார்கள்.

இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றியது என்பதைக் கவனியுங்கள். "அய்யோ, என் போர்!" என்று தோன்றியிருந்தால், ஒரே நாட்டைக் கடைசி வரை கொண்டுபோவது உங்கள் பட்டியலில் மேலேயே இருந்திருக்கும். "அப்பாடா, இருபது நகரங்களை டர்ன் டர்னாக மேய்க்கும் வேலை மிச்சம்" என்று தோன்றியிருந்தால், நீங்கள் ஆட்டத்தை நடுவில் விட்டுவிடும் ரகம், இந்தப் பாகத்தின் வடிவமைப்பே உங்களுக்காகத்தான். முன்னிலையில் இருப்பவர் முன்னேறிக்கொண்டே போய் கடைசி நூறு டர்ன் வெறும் சடங்காகிவிடும் பழைய நோய்க்கு மருந்தாகத்தான் இந்த யுகப் பிரிவைக் கொண்டுவந்தார்கள். மருந்து பிடிக்குமா என்பது அந்த நோய் உங்களை எவ்வளவு படுத்தியது என்பதைப் பொறுத்தது.

பூச்சா, தூணா?

இந்த வழியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் பூச்சு உதிர்ந்திருக்கிறதா, தூண் தப்பான இடத்தில் நிற்கிறதா என்று பிரித்துப் பார்ப்போம் இல்லையா, புதுப் பாகத்தைப் பற்றி வரும் புகார்களையும் அப்படித்தான் பிரிக்க வேண்டும்.

சிவ் 7 வெளிவந்த வாரத்தில் வந்த புகார்களை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் வேண்டிய தகவல் வேண்டிய இடத்தில் இல்லை. நகரத்துக்குப் பெயர் மாற்ற முடியவில்லை. சாரணரைத் தானாகச் சுற்றவிடும் வசதி இல்லை. ஜெயித்த பிறகு "இன்னும் ஒரு டர்ன்" என்று தொடர வழியில்லை. பெரிய மேப் இல்லை. இவை எல்லாம் பூச்சு. 2025-இலேயே அடுத்தடுத்த புதுப்பிப்புகளில் இவற்றில் பெரும்பாலானவற்றைச் சேர்த்தார்கள், திரையமைப்பும் படிப்படியாகத் தேறியது. இப்படிப்பட்ட குறைகளுக்காக ஒரு கேமை அடியோடு ஒதுக்க வேண்டாம், ஆறு மாதமோ ஒரு வருடமோ தள்ளிப்போட்டால் போதும்.

யுகம் மாறும்போது நாகரிகமும் மாறுவது, ஒவ்வொரு யுகமும் தனிப் பந்தயமாக ஓடுவது, நவீன யுகம் முதல் மனித விண்வெளிப் பயணமும் அணுகுண்டுச் சோதனையும் நடக்கும் காலத்தோடு நின்றுவிடுவது, இவை தூண். பேட்ச் வந்து தூணை நகர்த்தாது என்று எடுத்துக்கொண்டே முடிவெடுங்கள். சில சமயம் நகர்த்தவும் செய்வார்கள், ஒரே நாகரிகத்தோடு கடைசி வரை ஆடும் முறையைச் சோதிக்கப்போவதாக, கேமைத் தயாரிக்கும் ஃபிராக்ஸிஸ் நிறுவனம் 2025 இறுதியில் அறிவித்தது. ஆனால் அறிவிப்பை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். அது கேமுக்குள் வந்து, ஆடியவர்கள் சொன்ன பிறகு அந்தத் தேதியில் மறுபடி பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

மற்ற தொடர்களிலும் இதே பிரிவைப் பார்க்கலாம். 2013-இல் டோட்டல் வார் ரோம் 2 வந்தபோது ஏகப்பட்ட கோளாறு, ஒரு வருடத்தில் எம்பரர் எடிஷன் என்ற பெயரில் இலவசமாகவே திருத்திக் கொடுத்தார்கள். பொறுத்திருந்தவர்களுக்கு நல்ல கேம் கிடைத்தது. க்ரூசேடர் கிங்ஸ் 3 வேறு மாதிரி. 2020-இல் வந்தபோது, பல வருட டிஎல்சிகள் (தனியாக விற்கும் கூடுதல் பகுதிகள்) சேர்ந்த இரண்டாம் பாகத்தைவிட அதில் விஷயம் குறைவுதான், ஆனால் இருந்தவரை உறுதியாக இருந்தது, மனிதர்களையும் வம்சத்தையும் சுற்றி ஆட்டம் ஓடும் அந்த மையத்தில் கை வைக்கவே இல்லை. அதனால் முதல் நாள் வாங்கியவர்களுக்கும் ஏமாற்றமில்லை. தூண் நேராக இருந்து அறை குறைவாக இருந்தால் தாராளமாக வாங்கலாம் என்பது என் கருத்து.

சோழர்கள் இருக்கிறார்களே?

இந்தக் கேள்வி நம்மவர்கள் எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது. சிவ் 7-இல் சோழர்கள் தனி நாகரிகமாகவே வருகிறார்கள், அடிப்படை கேமிலேயே. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று அந்தக் கால வணிகக் குழுக்களின் பெயரில் கட்டடங்கள், இரண்டையும் ஒரே இடத்தில் கட்டினால் ஐந்நூற்றுவர் பெயரில் தனி வட்டாரம், தஞ்சைப் பெரிய கோயில் உலக அதிசயம். தேடிப் பிடித்துச் செய்திருக்கிறார்கள், அதற்கு மனதாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: வெளியான வடிவத்தில் சோழர்கள் இரண்டாவது யுகத்துக்கு மட்டும்தான். முதல் யுகத்தை மௌரியராகவோ வேறு யாராகவோ தொடங்கி, இடையில் சோழராகி, நவீன யுகத்தில் வேறொன்றுக்குப் போயாக வேண்டும். ஆட்டத்தை நேராக இரண்டாம் யுகத்திலிருந்து தொடங்கவும் வழி இருக்கிறது என்றாலும், சோழக் கொடியோடு கற்காலத்திலிருந்து விண்வெளி வரை போகும் ஆசையில் வாங்கினால் அந்த வடிவத்தில் அது கிடைக்காது. சோழர் கதைக்காக மட்டும் என்றால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷனுக்கு 2022-இல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா டிஎல்சியைப் பாருங்கள். திராவிடர்கள் என்று தனி நாகரிகமும் ராஜேந்திர சோழன் பெயரில் முழு கேம்பெய்னும் உண்டு, விலை சிவ் 7-இன் விலையில் ஒரு சிறு பங்குதான்.

விமர்சனத்தில் என்ன தேடுவது

பத்திரிகை விமர்சனத்தின் மதிப்பெண்ணைவிட, எழுதியவர் எத்தனை ஆட்டம் முடித்துவிட்டு எழுதினார் என்பதைப் பாருங்கள். இந்த வகை கேம் முதல் பத்து மணி நேரத்தில் யாருக்கும் பிடித்துவிடும், புது மேப்பை வெள்ளைத் தாளிலிருந்து திறப்பதில் இருக்கும் சுகம் அப்படி. குறைகள் தெரிவது மூன்றாவது, நான்காவது ஆட்டத்தில்தான், அதுவும் பிற்பாதியில். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தின் விமர்சனங்களில் ஆடிய நேரத்தை வைத்து வடிகட்டும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தி நீண்ட நேரம் ஆடியவர்களை மட்டும் எடுங்கள், அதில் எதிர்மறையாக எழுதியவர்களை முதலில் படியுங்கள். அவர்கள் திட்டும் விஷயம் உங்கள் பட்டியலில் இல்லாவிட்டால் அந்தத் திட்டு உங்களைச் சேராது. அப்புறம் தேதி. வெளியீட்டு வாரத்து விமர்சனமும் இந்த மாத விமர்சனமும் வேறு வேறு கேமைப் பற்றிப் பேசுகின்றன.

எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டி "செத்துப்போன கேம்" என்று தீர்ப்புச் சொல்பவர்கள் நிறைய. சிவ் 7 வந்த சில மாதங்களிலேயே ஸ்டீமில் சிவ் 6 ஆடுகிறவர்கள்தான் அதிகமாக இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் சிவ் 6 வந்தபோதும் வெகுகாலம் சிவ் 5-தான் முன்னால் நின்றது. முழுதாகிவிட்ட, தள்ளுபடியில் கிடைக்கிற, மோட் நிறைந்த பழைய பாகம் கூட்டத்தைப் பிடித்து வைப்பது இந்தத் தொடரில் வழக்கம்தான். இணையத்தில் முன்பின் தெரியாதவர்களோடு ஆடுகிறவர் நீங்கள் என்றால் மட்டும் அந்த எண்ணுக்கு மதிப்புக் கொடுங்கள்.

வீடியோ பார்ப்பதாக இருந்தால் ட்ரெய்லரையும் முதல் எபிசோடையும் விட்டுவிடுங்கள். யாராவது முழு ஆட்டம் ஆடிப் போட்டிருப்பார்கள், அதில் கடைசி இரண்டு எபிசோடுகளை, வேகம் கூட்டாமல் பாருங்கள். ஒரு டர்னில் எத்தனை முறை கிளிக் செய்கிறார், அதில் எத்தனை கிளிக் உண்மையான முடிவு, எதிரி கம்ப்யூட்டர் படைகளை ஒழுங்காக நகர்த்துகிறதா, டர்னை முடித்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார். அந்த ஒரு மணி நேரம் சொல்வதை எந்த விமர்சனமும் சொல்லாது. சிவ் 7-இல் படைகளைத் தளபதிக்குள் அடுக்கி மொத்தமாக நகர்த்தி, களத்தில் இறக்கிவிடும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. சிவ் 6-இல் ஒவ்வொரு வில்லாளியையும் மலை இடுக்கில் தனித்தனியாக நகர்த்திச் சலித்தவர்கள் அதைப் பார்த்ததும் வித்தியாசத்தைப் புரிந்துகொள்வார்கள்.

கம்ப்யூட்டர் விஷயம் சுருக்கமாக. குறைந்தபட்சத் தேவைக்கு உங்கள் கம்ப்யூட்டர் எட்டுகிறது என்பதால் மட்டும் நிம்மதி அடையாதீர்கள், இந்த வகை கேமில் சுமை ஏறுவது ஆட்டத்தின் கடைசியில்தான், அப்போது திணறுவது ப்ராசஸர். உங்கள் பழைய சிவ் 6 சேவ் ஒன்றில், பெரிய மேப்பில் கடைசிக் கட்டத்தில், ஒரு டர்ன் முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அங்கேயே பொறுமை போகிறது என்றால் புதுப் பாகத்துக்கு முன் கம்ப்யூட்டரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

விலையும் எடிஷனும்

சிவ் 7 வெளியானபோது அடிப்படை எடிஷன் 70 டாலர், டீலக்ஸ் 100, ஃபவுண்டர்ஸ் 130. பெரிய எடிஷன் வாங்கியவர்களுக்குப் பிப்ரவரி 6-ஆம் தேதியே திறந்தது, மற்றவர்களுக்கு 11-ஆம் தேதி. ஐந்து நாள் முன்னதாக ஆட அதிகக் காசு கொடுத்தவர்களுக்குத்தான் திருத்தம் ஏதும் வராத பதிப்பு கிடைத்தது. முன்கூட்டி ஆடுவதற்காக மட்டும் பெரிய எடிஷன் வாங்கவே வாங்காதீர்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டிஎல்சிக்கும் இது பொருந்தும். அடிப்படை கேமில் இல்லாத கிரேட் பிரிட்டனை, வெளியான அடுத்த மாதமே கார்த்தேஜ், பல்கேரியா, நேபாளம் ஆகியவற்றோடு சேர்த்துத் தனியாக விற்றார்கள். அது நியாயமா என்று நிறைய சண்டை நடந்தது, எனக்கும் அது பிடிக்கவில்லை. வாங்குகிறவர் செய்ய வேண்டியது, அடிப்படை கேமை மட்டும் வாங்கி, அதில் இருக்கும் நாகரிகங்களை ஆடி அலுத்த பிறகு டிஎல்சி பக்கம் போவது. அதற்குள் விலையும் இறங்கியிருக்கும். சிவ் 6-ஐ 2020 மே மாதத்தில் எபிக் ஸ்டோர் என்ற இணையக் கடை இலவசமாகவே கொடுத்தது.

இரண்டு மணி நேரச் சோதனை

பட்டியல் பார்த்தாயிற்று, வீடியோ பார்த்தாயிற்று, இன்னும் முடிவு வரவில்லை என்றால் வாங்கிப் பார்த்தே முடிவெடுக்கலாம். ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். முன்கூட்டி ஆடும் நாட்களில் ஆடியதும் அந்த இரண்டு மணியில் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். சிவ் மாதிரியான கேமில் இரண்டு மணி நேரம் என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும், முதல் யுகம் கூட முடியாது. அதனால் திட்டத்தோடு உட்காருங்கள். முதல் நாளே திறக்க வேண்டிய அவசியமில்லை, இடையூறு இல்லாத ஒரு மாலையை ஒதுக்குங்கள். டுடோரியலைத் தொடாதீர்கள், விதிகளை வீடியோவிலேயே கற்றுக்கொண்டு வாருங்கள். முதல் அரை மணியில் சின்ன மேப்பில் ஒரு ஆட்டம் தொடங்கி, திரை கண்ணுக்கு ஒத்துவருகிறதா, எழுத்து படிக்க முடிகிறதா, நகரம் வளர்ப்பது கைக்குப் பிடிபடுகிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு அதை மூடிவிட்டு, நேராக நவீன யுகத்திலிருந்து புது ஆட்டம் தொடங்குங்கள். அங்கேதான் எந்த சிவ் பாகமும் தடுமாறும், உங்கள் கம்ப்யூட்டரும் தடுமாறும். ஒரு போரைத் தொடங்குங்கள், ஒரு நாட்டோடு ஒப்பந்தம் போடுங்கள், இருபது முப்பது டர்ன் ஓட்டுங்கள்.

ஒன்றேமுக்கால் மணியில் அலாரம் வையுங்கள். அடித்ததும் மூடிவிட்டு, எழுதி வைத்த தாளை எடுங்கள். உங்கள் பட்டியலில் முதல் மூன்று வரிகளில் குறைந்தது இரண்டு இந்தக் கேமில் உயிரோடு இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அன்றைக்கே ரீஃபண்டுக்குப் போட்டுவிட்டு விஷ்லிஸ்டில் சேர்த்து வையுங்கள், முதல் பெரிய எக்ஸ்பான்ஷன் வரும்போது அதே தாளை வைத்து மறுபடி பார்க்கலாம்.